நொனகதய நேரத்தில் நங்கி சொன்னது

1.

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. ஒட்டுக்கேட்டு எழுதுகிறேன், என் எல்லாக் கதைகளையும் போல. மரம், மழை, முகம் எதுவும் எனக்கு எழுத வராது. பேச்சு மட்டும் காதில் அப்படியே நிற்கும்.

புத்தாண்டுக்குப் புத்தாண்டு என் வலைப்பூவில் மூன்று விஷயம் ஒப்பிப்பேன்.

படித்தது: முப்பத்தொரு புத்தகம். (சரி, இருபத்திரண்டு. மற்ற ஒன்பதில் யாராவது வாயைத் திறப்பார்களா என்று பக்கம் புரட்டினேன். திறக்கவில்லை.)

விளையாடியது: லூடோ. கைப்பேசியில், ஒரே ஆளோடு.

எழுதியது: அங்கேதான் சிக்கல்.

2.

முதல் தொடக்கம்: "மாத்தறையில், கடலைப் பார்த்தபடி ஒரு விதவை..." வேண்டாம். என் நங்கி, அதாவது என் தங்கை, கடலைப் பார்ப்பதே இல்லை. தொலைக்காட்சிதான் பார்ப்பாள்.

இரண்டாவது: "இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். மூத்தவள்..." பள்ளிப் பாடப்புத்தகத்துக்கு அனுப்பலாம்.

மூன்றாவது, நடந்தது. நான்கு வருடத்துக்கு முன், தன் கணவரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நங்கி என் காதோடு ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த மனிதரைப் பற்றித்தான். செத்த வீட்டில் நான் சிரித்துவிட்டேன். மறுவாரம் அதை வலைப்பூவில் போட்டேன். நூற்றெண்பது பின்னூட்டம். ஒன்று அவள் நாத்தனாருடையது.

அந்த வாக்கியம்: [                ]

இல்லை. ஒரு தடவை செய்தது போதும்.

3.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் தினமும் லூடோவுக்கு வருவாள். என் காயை ஈவிரக்கமில்லாமல் வெட்டுவாள், போவாள். ஆட்டத்தின் ஓரத்தில் இருக்கும் செய்திப் பெட்டி நான்கு வருடமாகக் காலி.

[இங்கே மௌனத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. என் கணவர் பியதிஸ்ஸ படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். எடுத்துவிட்டேன்.]

4.

சிங்களப் புத்தாண்டில், பழைய வருடம் போய்ப் புதியது இன்னும் நிலைக்காத சில மணி நேரம்தான் நொனகதய. அடுப்பு மூட்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது. விளையாடலாம்.

"பேனாவைக் கீழ வை. நொனகதய தொடங்கிட்டுது," என்றார் பியதிஸ்ஸ.

"குறிப்புதானே எடுக்கிறேன்?"

"குறிப்புன்னு சொல்லித்தான் போன வருஷம் என் மூலவியாதியை ஊருக்கே சொன்னே."

"பேரை மாத்தித்தானே போட்டேன்!"

"பியதாசன்னு மாத்தினே!"*

கைப்பேசியைத் திறந்தேன். செய்திப் பெட்டியில் நங்கி. ஒரு வரி இல்லை, பத்து வரி. மூன்று முறை படித்தேன். கை தானாகப் பேனாவைத் தேடியது.

"என்னவாம்?"

"நங்கி பேசியிருக்கா."

"இன்னைக்கா?" பியதிஸ்ஸ பல்செட் கழலும் அளவுக்குச் சிரித்தார். "கெட்டிக்காரி! நீ எழுதக் கூடாத நேரமாப் பார்த்து வாயைத் திறந்திருக்கா பாரு!"

"நேரம் முடிஞ்சா எழுதலாம்தானே?"

"எழுது, யார் வேணாமுன்னா? அதுக்கப்புறம் லூடோவுக்கும் வரமாட்டா."

* இவர் பேச்சைப் போட அனுமதி கேட்கவில்லை. எங்கே போய்விடப் போகிறார்?

5.

வேலை தொடங்கும் சுபநேரம் வந்தது. பஞ்சாங்கம் சொன்ன நிறத்தில் உடுத்தி, சொன்ன திசையைப் பார்த்து உட்கார்ந்தேன். வருடத்தின் முதல் வேலையாக அவள் சொன்னதை அப்படியே, ஒரு மூச்சுக்கூட விடாமல் தாளில் எழுதினேன். இத்தனை வயதில் இதைவிட நல்ல உரையாடல் என் காதில் விழுந்ததில்லை. இதைப் போட்டால் ஐந்நூறு பின்னூட்டம் உறுதி.

முடிவு அ: அவள் என்னை மன்னித்துவிட்டாள்.

முடிவு ஆ: நான்கு வருடக் கோபத்தையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

முடிவு இ: கொக்கிஸ் பலகாரத்துக்குக் கரைத்த மாவு ஏன் நீர்த்துப்போகிறது என்று கேட்டாள்.

ஒன்று முக்கால்வாசி உண்மை. எது என்று கேட்காதீர்கள்.

தாளைக் கிழித்தேன். சின்னச் சின்னதாக. பியதிஸ்ஸ ஒட்டிப் படிக்கக் கூடியவர்.

பிறகு செய்திப் பெட்டியில் எழுதினேன். இது என் பேச்சு, அதனால் தருகிறேன்:

"இன்னும் சொல்லு நங்கி. பேனாவைக் கீழ வெச்சிட்டேன்."

பதில் வந்தது. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும், அவள் சொன்னதற்குக் கிட்டே வராது.