டைட்டானியம் பானைப் பொங்கல்

பானையா அது? காப்பிக் குவளைக்கு மூடி போட்ட மாதிரி இருந்தது. ஊதினால் பறந்துவிடும். பார்த்ததுமே அம்சவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டைட்டானியம்க்கா. மலையேறுறவங்க முதுகுப்பையில கொண்டு போறது, அமெரிக்கா போனப்ப வாங்குனேன்" என்றான் தம்பி கதிர்வேல். "மாமா தூக்கிட்டு நடந்தாலும் கனமே தெரியாது."

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. புருஷன் குழந்தைசாமி நெஞ்சு ஆபரேஷன் முடிந்து கண் திறக்காமல் கிடந்தபோது, "பழையபடி ஆளைத் திருப்பிக் குடு தாயே, அவரே பானை சுமந்து வந்து பொங்கல் வெக்கிறோம்" என்று கொல்லிமலை எட்டுக்கை அம்மனிடம் வேண்டியிருந்தாள். டாக்டரோ, நடக்கலாம், கனம் தூக்கக் கூடாது என்றுவிட்டார். வீட்டு வெண்கலப் பானையை நினைத்தாலே மூச்சு வாங்கும்.

அம்மன் உயிரைக் கொடுத்துவிட்டாள். ஆளைத்தான் இன்னும் கொடுக்கவில்லை. "கொழம்பா இது, கழனித்தண்ணியா?" என்று சேந்தமங்கலம் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிற மனுஷன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் எதை வைத்தாலும் வாய் திறக்காமல் தின்றார். ஒருநாள் வேண்டுமென்றே புளியை அள்ளிக் கரைத்து ஊற்றினாள். அதையும் தின்றுவிட்டுக் கை கழுவப் போனார். அன்றைக்குச் சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

கொல்லிமலைமேல் வளப்பூர் நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே மூன்று பேரும் நடந்தார்கள். குழந்தைசாமி பானையைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் போனார். ஒரு பேச்சில்லை. அவர் மூச்சைக் கேட்டபடியே இவள் பின்னால் போனாள்.

கோயில் பக்கத்தில் கல் கூட்டி, பானையை அவரே ஏற்றி வைத்தார். அம்சவேணி விறகைத் திணித்தாள்.

"தீயக் கொற, அக்கா. இது மெல்லிசு, சட்டுனு அடிப்பிடிச்சுக்கும்."

"நீ எத்தன நோம்பிக்குடா பொங்கல் வெச்சிருக்கே? போ அந்தப் பக்கம்!"

குலவையிட வாயெடுப்பதற்குள் பொங்கி வழிந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வெல்லத்தைப் போட்டுவிட்டு ஏலக்காய் தட்டத் திரும்பினாள். கருகல் வாசம் மூக்கில் ஏறியது. ஐயோ! கிண்டினால் கறுப்புக் கறுப்பாய் மேலே வந்தது. வேண்டுதல் பொங்கலைப் போய் இப்படித் தீய்த்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மேலாக அள்ளி அம்மனுக்குப் படைத்துவிட்டு, அவருக்கும் இலையில் வைத்தாள்.

ஒரு வாய் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏம்புள்ள! இது பொங்கலா, அடுப்புக்கரியா? ஊட்லதான் இந்தக் கொடுமைன்னா, மலையேறி வந்துமா?"

பக்கத்துக் கல்லடுப்புக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, பானை மெல்லிசு, அதனாலதான்..." என்று கதிர்வேல் இழுத்தான்.

"பானை மேல பழி போடாத மாப்ளே! ஒழுங்கா சமைக்கறவ ஓட்டாஞ்சில்லுல கூடச் சமைப்பா!"

அப்பாடா! அம்சவேணிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. இந்த வாயைத் தேடித்தானே அவள் மலையேறி வந்தாள்! கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்க, முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஏனுங்க, இன்னொருக்கா சொல்லுங்க."

"என்னத்த?"

அவள் பானையடியில் ஒட்டியிருந்த கருகலையும் வழித்தெடுத்து அவர் இலையில் வைத்தாள்.

"இதையும் தின்னுட்டுச் சொல்லுங்க."