வேருடன் கொண்டுவரவும்

கண்காட்சி ஆறு மணித்தியாலம் இருபது நிமிடம் நடந்தது. அதில் இரண்டு மணித்தியாலம் பேச்சு. முப்பத்தைந்து நிமிடம் பிரதம விருந்தினருக்காகக் காத்திருந்தோம். ஒரு மணித்தியாலம் சாப்பாடு. மிச்சத்தில் சனம் செடிகளைப் பார்த்தது. நேரத்தைக் குறித்தவள் நான். தீவகச் சுதேசத் தாவரக் காப்புச் சங்கத்தின் உதவிச் செயலாளருக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை.

அது 1974, பெப்ரவரி மாதத்து முதற் சனிக்கிழமை. இடம் ஊர்காவற்றுறையில் ஒரு பாடசாலை மண்டபம். சங்கத்தின் தலைவர் அரியநாயகம். கொழும்பில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவர். தான் ஓய்வுபெற்று வந்த பிறகுதான் தீவில் செடிகள் முளைத்தன என்பது போலப் பேசுவார். செயலாளர் ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர். தலைவர் சொன்ன வசனத்தின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வது அவருடைய பணி. நான் சரவணைக் கிராமத்தில் வீட்டோடு இருந்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து முடித்து இரண்டு வருடம். வேலைக்குப் பத்தொன்பது விண்ணப்பம் போட்டாயிற்று. கூட்டத்தில் எனக்கு வாய் வராது. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். சங்கத்துக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் தலைவரின் நற்சான்றுப் பத்திரம் ஒன்று தேவைப்பட்டது.

காலையில் பிரதம விருந்தினரான உதவி அரசாங்க அதிபர் மரம் நட்டார். "இந்த மண்ணின் பிள்ளையான இம்மரம்" என்று தலைவர் தொடங்கி இருபது நிமிடம் பேசினார். நட்டது செம்மயிற்கொன்றை. அதன் சொந்த ஊர் மடகாஸ்கர். எனக்கு அது தெரியும். நான் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

அரிய தாவரத்துக்கு முதற்பரிசு ஒரு பெற்றோமக்ஸ் விளக்கு. தலைவரின் மைத்துனி சாடியில் கொண்டுவந்த குரோட்டன் அதை வென்றது. தீவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை என்றார் நடுவர். அந்த வகையில் அது அரியதுதான்.

நிகழ்ச்சி நிரலில் "உள்ளூர் மக்களை ஆதரித்தல்" என்றும் ஒன்று இருந்தது. அதற்கு நான்கு நிமிடம். மேரிறோஸ் என்ற பெண்ணை மேடைக்கு அழைத்தார்கள். முனைக்கரையில் கடற்றொழில் செய்யும் குடும்பங்களைச் சேர்ந்தவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளும் இன்னும் பதினொரு பெண்களும் பனையோலையில் பெட்டி இழைக்கிறார்கள். வெளிநாட்டுச் சாயப்பொடி வருவது நின்ற பிறகு, கரையோர மணலில் முளைக்கும் சாயவேரைத் தோண்டி அவித்து ஓலைக்குச் சிவப்பு ஏற்றுகிறார்கள். அந்தச் சிவப்புக்காகத்தான் யாழ்ப்பாணத்துக் கடைகள் அவர்களின் பெட்டியைக் கேட்கின்றன. வெறும் ஓலைப்பெட்டி எந்த வீட்டிலும் இழைப்பார்கள். மேரிறோஸ் ஒரு சிவப்புப் பெட்டியை விருந்தினரிடம் கொடுத்தாள். கைதட்டினார்கள். பிறகு அவள் இறங்கி, மாணவர்கள் கொண்டுவந்த செடிகளைப் பார்க்கப் போனாள்.

அங்கே நானூற்றுப் பன்னிரண்டு சாயவேர்ச் செடிகள், மாணவர் இருக்கும் வாங்குகளில் கிடந்தன. பதிவேட்டுக்காக நானே எண்ணியவை. ஆறு பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள், சிலர் உரச்சாக்கில், கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் வேரோடு. மெல்லிய, இன்னும் நிறம் ஏறாத வேர்கள். வெள்ளைப் பூ உதிராமல் இருந்தது. ஒரு விதைகூட முற்றவில்லை. மதியத்துக்குள் எல்லாம் வாடித் தொங்கின.

மேரிறோஸ் ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

மண்டபத்தைத் துப்புரவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று பின்னேரம் எல்லாச் செடிகளையும் கூட்டி எரித்தார்கள். குரோட்டனைக் காரில் ஏற்றினார்கள்.

இரண்டு கிழமை கழித்து மேரிறோஸ் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். அம்மா உள்ளே வரச் சொல்லவில்லை. நான் வெளியே போனேன்.

"பிள்ளை, நீங்கள் செடி படிச்சனீங்கள் எண்டு சொல்லுகினம். ஒருக்கா வந்து பாக்கிறியளோ?"

பஸ்ஸில் போய் இறங்கி, வெயிலில் அரை மைல் நடந்தோம். முனைக்கரை மணல் வெளி முழுவதும் சிறு குழிகள். நண்டுப் பொந்து போல, ஆனால் நண்டுக்குப் பழக்கமில்லாத வரிசையில்.

"இதைப் பாருங்கோ," என்று ஒரு குழிக்குள் காலை வைத்தாள். "மூடேல்லை. எங்கட ஆக்கள் தோண்டினால் குழி திறந்து கிடக்காது."

அவர்களுடைய முறையை அவள் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள். சூசையப்பர் திருநாளுக்கு முன் ஒருவரும் வேரில் கம்பி வைப்பதில்லை. அது மார்ச் பத்தொன்பது. அதற்குள் விதை முற்றிவிடும். இரண்டாம் வருடச் செடியை மட்டும் எடுப்பார்கள். எடுத்த செடியைத் தலைகீழாகப் பிடித்துக் குழிக்கு மேலே மூன்று தரம் உதறுவார்கள். காலால் மணலைத் தள்ளி மூடி, ஒரு மிதி மிதித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். கிழக்குப் பாதி ஒரு வருடம், மேற்குப் பாதி மறு வருடம்.

பேராதனையில் நான்கு வருடத்தில் எனக்கு இதைவிட நல்ல பாதுகாப்புத் திட்டம் எவரும் சொல்லித் தரவில்லை. எங்கள் சங்கத்தின் யாப்பில் பதினேழு பிரிவுகள் உண்டு. ஒன்றிலும் குழியை மூடுவது பற்றி இல்லை.

"இந்த வருசம் மேற்குப் பாதி. அதில ஒரு மூலை மிச்சம் கிடக்கு. பெடியளுக்குத் தாழைப் பத்தைக்குள்ள போகப் பயம், அதாலதான். அதை வைச்சு யாழ்ப்பாணத்துக் கடை ஓடரை ஒப்பேத்திப்போடுவம். விதையும் அதிலயிருந்துதான் இனி வரவேணும்." அவள் என்னைப் பார்த்தாள். "வேரோட கொண்டுவாங்கோ எண்டு ஆர் பிள்ளை கேட்டது?"

"சங்கம்," என்றேன்.

"சங்கம் எண்டால் ஆர்?"

"எல்லாரும் சேர்ந்துதான்."

"எல்லாரும் சேர்ந்து ஒரு பேனையைப் பிடிச்சு எழுதினவையோ?" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு. அதில் வன்மம் இல்லை. நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

மார்ச் முதற் கிழமை தலைவரும் முனைக்கரைக்குப் போனார். காரை விட்டு இறங்காமல் குழிகளைப் பார்த்தார். திரும்பி வந்து, உதவி அரசாங்க அதிபருக்கு அனுப்ப மனு ஒன்று சொன்னார். நான் எழுதினேன். "அரிய சாயவேர்ச் செடியினம் அறிவற்ற சிலரின் வயிற்றுப் பிழைப்புக்காக அடியோடு அழிக்கப்படுகிறது. முனைக்கரை மணல் வெளியை முட்கம்பியால் அடைத்து, எவரும் வேர் தோண்டாதவாறு தடைசெய்து, பராமரிப்பை எமது சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டுகிறோம்." மூன்று பிரதி. ஒவ்வொன்றிலும் "அறிவற்ற" என்ற சொல்லை அழகாகவே எழுதினேன்.

"பிள்ளையின்ர எழுத்து அச்சடிச்ச மாதிரி," என்றார் ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர்.

"உம்மட நற்சான்றுப் பத்திரத்தை அடுத்த கிழமை தாறன்," என்றார் தலைவர்.

மனு மீதான விசாரணை சூசையப்பர் திருநாளுக்கு நாலு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை பின்னேரம், சங்கத்தின் அறையில். உதவி அரசாங்க அதிபர் நடுவில் இருந்தார். சிறு வயது, அலுத்த முகம். தலைவரும் மாஸ்டரும் அவருக்கு வலப்பக்கம். மேரிறோசும் இரண்டு பெண்களும் எதிரே. கதிரை இருந்தும் அவர்கள் நின்றார்கள். நான் மூலையில் குறிப்பேட்டோடு.

"சேர், நான் சுருக்கமாச் சொல்லுறன்," என்று தலைவர் தொடங்கினார். அந்த வசனத்தை அவர் சொல்லும்போதெல்லாம் நான் நேரத்தைப் பார்ப்பேன். பதினாறு நிமிடம். "இந்தப் பெண்டுகளில எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாவங்கள், தெரியாது. நாங்கள்தான் இவைக்குச் சொல்லிக் குடுக்கவேணும். ஆனா செடி எண்டால் எனக்கு உயிர்."

"உயிர்," என்றார் மாஸ்டர்.

"ஐயா, செடியைப் பிடுங்கினது நாங்கள் இல்லை," என்றாள் மேரிறோஸ். "உங்கட விழாவுக்குப் பிடுங்கினது."

"இஞ்ச பாரும், எங்கட விழா செடியைக் காப்பாத்திற விழா. நாங்கள் செடியைக் காட்டச் சொன்னனாங்கள். பிடுங்கச் சொன்னமோ? மாஸ்டர், சொன்னமோ?"

"சொல்லேல்லை."

மேரிறோஸ் தன் பெட்டியைத் திறந்து, பூசைப் புத்தகத்துக்குள் நாலாக மடித்து வைத்திருந்த கடதாசியை எடுத்தாள். கண்காட்சி விளம்பரம். "என்ர மருமோன் பள்ளிக்கூடத்தில குடுத்ததெண்டு கொண்டுவந்தவன். அவனும் பதினெட்டுச் செடி பிடுங்கினவன் ஐயா, அதையும் நான் மறைக்கேல்லை. பெற்றோமக்ஸ் கிடைக்கும் எண்டு ஆசைப்பட்டவன். ஆருக்குக் கிடைச்சதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சேலைத்தலைப்பால் வாயை மூடினாள்.

உதவி அரசாங்க அதிபர் விளம்பரத்தை வாங்கி உரத்து வாசித்தார். "விதி மூன்று. மாதிரிகள் வேருடன் கொண்டுவரப்பட வேண்டும். வேரற்றவை ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. உதாரணம், சாயவேர்." தலைவரைப் பார்த்தார். "இது உங்கட சங்கத்தின்ர தானே?"

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் சங்கத்தின் விளம்பரத்தை முதல் தடவையாக வாசித்தார்.

"இது அச்சகத்தில விட்ட பிழை, சேர்."

"ஒரு விதி முழுக்கவோ?"

"இப்பத்தைய அச்சுக்கோக்கிற பெடியளை உங்களுக்குத் தெரியாது சேர். பொழுது போகாட்டி எதையும் சேர்த்துவிடுவாங்கள். வேர் எண்டு நான் வாயாலயும் சொல்லேல்லை. மாஸ்டரும் சொல்லேல்லை."

அது உண்மை. இரண்டு பேரும் சொல்லவில்லை. அவர்கள் போட்டிக்கு ஒரு தலைப்பும், பரிசும், தலைவரின் பெயர் எந்த அளவு எழுத்தில் வரவேண்டும் என்பதும் மட்டுமே சொன்னார்கள்.

"அல்லது," என்றார் தலைவர், துணிவு வந்து, "இவையே வேறயா அடிச்சிருக்கலாம். தாங்கள் தோண்டினதை மறைக்க."

"எங்களிட்ட அடுப்புத்தான் ஐயா கிடக்கு, அச்சு மெசின் இல்லை," என்றாள் மேரிறோஸ்.

உதவி அரசாங்க அதிபர் நெற்றியைத் தடவினார். "நான் ஒண்டு கேக்கிறன். இந்த விதியைச் சங்கம்தான் போட்டதெண்டால், தோண்டினது விழாவுக்காகத்தான். அப்ப இவைக்குத் தடை போட ஒரு முகாந்தரமும் இல்லை. சங்கம் போடேல்லை எண்டால் இந்தக் கடதாசியை நான் எடுக்கேலாது. மனு இருக்கு, குழி இருக்கு, தோண்டுற ஆக்கள் இவைதான் எண்டு இவையே சொல்லுகினம். நான் கையெழுத்து வைக்கவேண்டி வரும். செவ்வாய்க்கிழமைக்கு முந்தி வேலி வந்திடும்."

செவ்வாய்க்கிழமை திருநாள். தாழைப் பத்தை மூலையும் வேலிக்குள் போய்விடும். ஓடர் போகும். அதற்கு அடுத்த வருடம் விதைகளை உதற ஆளும் இராது. தலைவர் வேலிக்குள் செம்மயிற்கொன்றை நடுவார்.

"ஆர் எழுதினதெண்டு ஆருக்கும் தெரியாதோ?" என்று கேட்டார் உதவி அரசாங்க அதிபர்.

"ஆரெண்டு சொல்லுறது, சேர்," என்றார் தலைவர்.

"சொல்லுறது," என்றார் மாஸ்டர், சற்றுச் சங்கடத்தோடு.

மேரிறோஸ் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் உதவி அரசாங்க அதிபரின் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மூடியைக் கழற்றினார். மனுவைத் தன் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து. தூரத்திலிருந்தும் "அறிவற்ற" நன்றாகத் தெரிந்தது.

நான் இதுவரை தலைவரைப் பற்றியும் மாஸ்டரைப் பற்றியும் குரோட்டனைப் பற்றியும் எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டில் படுக்கையில் கிடந்தும் அப்படித்தான் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பேராதனையில் வேரில்லாமல் செடி மாதிரியைக் கொடுத்தால் பாதிப் புள்ளி. நான் ஒருநாளும் பாதிப் புள்ளி வாங்கியதில்லை.

எழும்பினேன். குறிப்பேடு கீழே விழுந்தது. தலைவர், தேத்தண்ணி கொண்டுவரத்தான் எழும்புகிறேன் என்று நினைத்து, "சேருக்குச் சீனி குறைச்சு, பிள்ளை," என்றார்.

"சேர்," என்றேன். அதிபர் மனுவிலிருந்து நிமிரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "சேர், அச்சகத்தில பிழை இல்லை. இவை ரெண்டு பேரும் சொல்லவும் இல்லை. வேரோட கொண்டுவரச் சொல்லி எழுதினது நான்."