கூட்டத்தில் வாசிக்க வந்தவள்

துடியலூர்ப் பக்கத்தில் இருந்த அந்த அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தவள் நிலோஃபர். வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். அதில் பதினொரு பேருக்கு எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்க வராது. மூன்று வருடமாக அவள் இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசிப்புக்கென்று தினமும் ஒரு மணி நேரம் வேண்டும், அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கேட்டது அவ்வளவுதான். கல்வி அலுவலகத்துக்கு எழுதிய மனுக்களுக்குப் பதில் வரவில்லை. நேரில் போனபோது, "உங்க பள்ளிக்கூடத்து ரிப்போர்ட்டெல்லாம் நல்லாத்தானுங்களே இருக்கு?" என்று கேட்டார்கள்.

அந்த ரிப்போர்ட்டை அனுப்பியவர் தலைமையாசிரியர் ஈஸ்வரமூர்த்தி. கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. "உள்ளதை எழுதுனா ஆள் போட மாட்டாங்க டீச்சர். என்னைய விளக்கம் கேட்டுத்தான் லெட்டர் வரும்" என்றார்.

பயிற்சி முகாம் ஒன்றில் பேச வந்தவர் ஒரு யோசனை சொன்னார். எண்ணிக்கையைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு குழந்தையை வாசிக்க விடுங்கள், ஊர் காதால் கேட்கட்டும். நிலோஃபருக்கு அது எளிய வழியாகப் பட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது. பெற்றோர் நாற்பது பேர் வந்திருந்தார்கள். வார்டு கவுன்சிலரும் வந்தார். நிலோஃபர் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை, அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான லோகப்பிரியாவின் கையில் கொடுத்தாள். காலையில், "கூட்டத்துல வாசிக்கிறயா கண்ணு?" என்று கேட்டபோது அந்தப் பெண், "சரிங்க டீச்சர்" என்று உடனே சொல்லியிருந்தாள். நிலோஃபர் சொன்னால் எதற்கும் சரி என்பவள் அவள்.

முதல் சொல் 'குளத்தில்'. லோகப்பிரியா 'கு' என்றாள். விரலை நகர்த்தினாள். மறுபடியும் 'கு' என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதே வரிசையில் அவள் அம்மா தெய்வாத்தாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நிலோஃபர் எழுந்து, இது பிள்ளையின் தப்பு இல்லை, சொல்லித்தர ஆள் இல்லாததுதான் காரணம் என்று பேசினாள். நன்றாகவே பேசினாள். கவுன்சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பள்ளிச் சுவரில் அ முதல் ஃ வரை வண்ணத்தில் எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்தார். தீர்மான நோட்டில் அது ஏறியது. ஆசிரியர் பற்றி ஒரு வரி இல்லை.

திங்கட்கிழமை லோகப்பிரியா வரவில்லை. புதன்கிழமையும் வராததால் நிலோஃபர் பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனாள். தெய்வாத்தாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. புள்ளைய அவிநாசிக்கு அவ அத்தை ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போட்டோமுங்க. பனியன் துணி வரும், ஊட்டுல இருந்தே பிசிறு வெட்டலாமுங்க."

"படிப்ப நிறுத்திட்டீங்களா?"

"உங்களக் குத்தம் சொல்லலீங்க. வருசா வருசம் பாஸு பாஸுன்னுதான் சொன்னாங்க. அன்னைக்குத்தானுங்க எங்களுக்கே தெரிஞ்சுது, புள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னு. வராத படிப்புக்கு எதுக்கு அனுப்பீட்டுன்னு அவங்கப்பா சொல்லிப்போட்டாரு."

"அவளுக்கு வராதுன்னு நான் சொல்லலீங்க. சொல்லித்தர ஆளில்லைன்னுதானுங்க சொன்னேன்."

"எங்களுக்கு அப்படி வெளங்கலீங்க" என்றாள் தெய்வாத்தாள்.

மறுநாள் விசாரித்தபோது, மாற்றுச் சான்றிதழை அப்பா தம்பிதுரை செவ்வாய்க்கிழமையே வாங்கிப்போனது தெரிந்தது. கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார் ஈஸ்வரமூர்த்தி. பதிவேட்டில் அவள் இடைநின்ற பிள்ளை அல்ல, வேறு பள்ளிக்கு மாறிய பிள்ளை. நிலோஃபர் குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்தாள். அங்கிருந்து இரண்டு பேர் அவிநாசிக்குப் போய்ப் பார்த்தார்கள். அடுத்த வாரம் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதாக அத்தை சொன்னதை எழுதிக்கொண்டு திரும்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலோஃபரே அவிநாசிக்குப் பஸ் ஏறினாள். அத்தையின் ஓட்டு வீட்டு முன்னறையில் வெள்ளைத் துணிக் குவியலுக்கு நடுவே லோகப்பிரியா உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து வாசலுக்கு வந்தாள். தலைமுடியில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன.

"நல்லா இருக்கியா கண்ணு?"

"இருக்கேனுங்க டீச்சர்."

"பள்ளிக்கூடத்துல சேத்தாங்களா?"

"இல்லீங்க."

"நம்ம பள்ளிக்கூடத்துக்கே வந்துரு. சாயங்காலம் உனக்கு மட்டும் நான் தனியா சொல்லித்தாரேன். உங்கப்பாகிட்ட நான் பேசறேன்."

லோகப்பிரியா நிலைப்படியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "டீச்சர், எனக்கு வராதுன்னு தெரிஞ்சுதானுங்களே அன்னைக்குக் கூப்பிட்டீங்க?"

நிலோஃபருக்குச் சொல்ல நிறைய இருந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் எதற்காக வாசிக்கக் கூப்பிடுகிறேன் என்று இவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

"ஆமா கண்ணு. தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்."

லோகப்பிரியா தலையாட்டினாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. உள்ளிருந்து அத்தை கூப்பிட்டாள்.

"வாரேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய், துணிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள். அதன் பிறகு வாசல் பக்கம் திரும்பவில்லை.