ஏரிக்கு அக்கரையில் சிக்னல்

பல்கலைக்கழக வளாகத்தின் கடைசிக் கட்டடம் வானிலை ஆய்வுக்கூடம். ஏரிக்கு அக்கரையில், மேட்டின் மேல் தனியாக நிற்கும். தண்ணீரைத் தாண்டிக் கேபிள் இழுக்க வழியில்லை. அதனால் இக்கரை மொட்டைமாடியில் ஒரு டிஷ், அக்கரையில் ஒரு டிஷ் வைத்துக் காற்று வழியாகவே நெட் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. வேலை கணினி மையத்து டெக்னீஷியன் தலையில் விழுந்தது. அவருடைய தயக்கத்துக்குக் காரணம் டிஷ் அல்ல. அங்கே பொறுப்பாளர் அவருடைய மாமனார்.

பன்னிரண்டு வருடமாக மாமனார் அங்கே தனிக்காட்டு ராஜா. மழை, வெயில், காற்று எல்லாவற்றையும் அளந்து கையால் எழுதி, மாதம் ஒருமுறை நோட்டைச் சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பார். செல்போனும் எட்டாத இடம். யார் எது கேட்டாலும், "எனக்குத் தகவலே வரலையே" என்பார். மாமியாரிடமும் அதே பதில்தான்.

இக்கரை டிஷ்ஷை முதல்நாளே பொருத்திவிட்டு, மற்றதையும் ஒரு புதுக் கணினியையும் தூக்கிக்கொண்டு டெக்னீஷியன் மேடேறினார்.

"வாங்க மாப்பிள்ளை. இந்த வெயில்ல எதுக்கு ஏணி ஏறிக்கிட்டு? சிக்னல் வரலை, மரம் மறைக்குதுன்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்களேன்."

"ஏரி நடுவுல மரம் ஏது மாமா?"

"அப்போ மூடுபனின்னு எழுதுங்க."

"அது இருந்தா உங்க நோட்டுல இருக்கணுமே?"

அந்த நோட்டில் மாமனார் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏணியைப் பிடித்தார்.

டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியதில் ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்தது. கணினியில் மாமனாரின் அலுவலக மின்னஞ்சலைத் திறந்ததும், இத்தனை வருடமாகத் தேங்கியிருந்த கடிதங்கள் கொட்டின. எண்ணூற்று நாற்பது. அதில் ஒன்றைப் படித்த டெக்னீஷியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஆணை: "வானிலை ஆய்வுக்கூடம் இம்மாதத்துடன் மூடப்படுகிறது. பொறுப்பாளர் சாவியை ஒப்படைத்துவிட்டு நூலகத்தில் சேரவும்."

மாதாமாதம் நோட்டை வாங்கிக்கொண்டவர்கள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆணையைப் போட்ட அலுவலகமே இப்போது நெட் கொடுக்கவும் ஆள் அனுப்பியிருக்கிறது!

ஆணையைப் படித்த மாமனார் ஜன்னல் வழியே மழைமானியைப் பார்த்தபடி நின்றார். "அப்போ மூணு வருஷமா நான் யாருக்காக அளந்தேன்?"

அந்தக் குரலை மருமகனால் தாங்க முடியவில்லை. "அவங்களையே கேட்டுடலாம் மாமா. உட்காருங்க."

மாமனார் ஒற்றை விரலால் அரைமணி நேரம் தட்டினார்: "தங்கள் ஆணை இன்று கிடைத்தது. மூடச் சொன்ன கட்டடத்துக்குத் தாங்களே இணைப்பும் தந்திருக்கிறீர்கள். எதன்படி நடப்பது?"

பத்தாவது நிமிடம் பதில் வந்தது. "முந்தைய ஆணை ரத்து. பணியைத் தொடரவும்."

"பத்தே நிமிஷமா!" மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, ஆகப் பழைய கடிதத்திலிருந்து வரிசையாகப் பதில் எழுதத் தொடங்கினார். முதல் கடிதம், எப்போதோ ஓய்வுபெற்றுப் போன நூலகரின் பிரிவுபசாரத் தேநீர் விருந்துக்கான அழைப்பு.

"வர இயலாமைக்கு வருந்துகிறேன்" என்று நிதானமாகத் தட்டினார்.