மறுக்க ஒரு படம்

குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பழம் தின்று கொட்டை போட்டவள் என்ற திமிரில்தான் விமானம் ஏறினேன். கூட வந்தவள் என் தம்பி மனைவி. கை கால் பயிற்சி அவள் வேலை. சம்பளம் கிடையாது, நாங்களாகக் கேட்டு வாங்கிய வேலை. கடல் தாண்டிய அந்தச் சிறப்புப் பள்ளியில் என் பொறுப்பில் வந்தவள் ஏழு வயதுப் பெண். நடக்க வராது, பேச வராது. யார் வந்தாலும் மேலும் கீழும் பார்ப்பாள். தம்பி மனைவி அவளுக்கு ‘கலெக்டர்’ என்று பெயர் வைத்தாள்.

சொல்வது புரிகிற பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பறை. புரியாது என்று முடிவு கட்டிவிட்டால் பின் அறை. அங்கே பாயில் படுத்துக் கூரையைப் பார்க்க வேண்டியதுதான். கலெக்டருக்கு எந்த அறை என்று நாங்கள் கிளம்புவதற்குள் தலைமை ஆசிரியை முடிவு செய்யவிருந்தார்.

நான் ஒரு படப்பலகை செய்தேன். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, பந்து, தூக்கம். வேண்டியதை முஷ்டியால் தட்டினால் போதும். கலெக்டர் பலகையை ஒரே தள்ளாகக் கீழே தள்ளினாள். எடுத்து வைத்தேன். மறுபடி தள்ளினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அவளுக்குப் புரியல. விட்டுடுங்க” என்றார் தலைமை ஆசிரியை. அவர்கள் பேச்சு எங்களுக்குத் தெரியாது. எல்லாம் அங்கே வேலை பார்த்த தமிழ் நர்ஸ் சொல்லித்தான்.

மதியம் அந்த நர்ஸ் என் தட்டில் இன்னொரு கரண்டி போட வந்தாள். “ஐயோ, வேணாம்மா! வயிறு வெடிச்சுடும்” என்று தட்டைக் கையால் மூடினேன். எதிரே கலெக்டருக்கு அவள் அம்மா ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பியது. அம்மா தாடையைப் பிடித்து நேராக்கி ஸ்பூனைத் திணித்தாள்.

எனக்குப் பொளேரென்று அறை விழுந்த மாதிரி இருந்தது. பலகை முழுக்க நாங்கள் கொடுக்க நினைத்தவை. மறுக்க ஒரு படம்கூட இல்லை. அவளுக்குப் புரியாமல் இல்லை, எனக்குத்தான் புரியவில்லை.

சிவப்பில் பெரிய பெருக்கல் குறி வரைந்து ஒட்டினேன். தம்பி மனைவி அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, முழங்கைக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்தாள். கை தடுமாறாமல் போனது.

“அவ சிவப்பைத் தட்டினா நிறுத்திடணும். யாரா இருந்தாலும்” என்றேன் அம்மாவிடம்.

“பட்டினி கிடப்பாளே!”

“பசிச்சா வாயைத் தொறப்பா.”

ஸ்பூன் வந்தது, முகம் திரும்பியது. முஷ்டியைப் பிடித்துச் சிவப்பில் வைத்தேன். அம்மா என்னை முறைத்துக்கொண்டே ஸ்பூனை இறக்கினாள். திரும்பிப் போகும் ஸ்பூனைக் கலெக்டர் கண் கொட்டாமல் பார்த்தாள். அடுத்த வாய்க்கு முஷ்டி தானாகவே போனது.

அதன்பிறகு எங்களுக்கு நிம்மதி போச்சு. தொப்பி வேண்டாம், பாட்டு வேண்டாம், டீச்சர் கொஞ்சல் வேண்டாம்.

“அண்ணி, உங்க புண்ணியத்துல என் பயிற்சியையும் வேணாங்கறா!”

முடிவு நாளில் தலைமை ஆசிரியை பந்தை நீட்டினார். சிவப்பு. தண்ணீர்? சிவப்பு. பொம்மை? சிவப்பு.

“எல்லாத்துக்கும் ஒரே இடத்துல தட்டுறா. பழக்கிவிட்டிருக்கீங்க, அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவரே குனிந்து, “பின் அறைக்குப் போறியா?” என்றார்.

சிவப்பு. பலகை அதிர்ந்தது.

“வகுப்புல உட்காருறியா?”

முஷ்டி பாதி தூரம் எழுந்தது. கை மெல்ல இறங்கி அவள் மடியிலேயே கிடந்தது. கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார். பின் அறைக்கு மட்டும்தான் அடி விழுந்தது. தலைமை ஆசிரியை சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வகுப்பறைக்குள் போனார். எனக்குத் தலை கால் புரியவில்லை. தம்பி மனைவியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிப்போக அம்மா வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். கலெக்டர் கரும்பலகையைப் பார்த்தபடியே சிவப்பைத் தட்டினாள்.

நீட்டிய கைகளை அம்மா சட்டென்று இழுத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று பயந்து நான் எழுந்தேன். அவள் வெளியே ஓடினாள். வாட்ச்மேன், வேன் டிரைவர், தெருவில் போன முன்பின் தெரியாதவர் என்று ஒருவரையும் விடாமல் நிறுத்தி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“‘என் பொண்ணு வர மாட்டாளாம்! என்கிட்டயே வேணாம்னு சொல்லிட்டா!’ங்கறாங்க.”