பதினேழாம் பீப்பாய்

ரம் தொழிற்சாலையின் கிடங்கில் மற்றப் பீப்பாய்களில் ரம் வருடா வருடம் குறைந்துகொண்டிருந்தபோது, சுவரோரம் கிடந்த பதினேழாம் பீப்பாயில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. மரத்துக்குள் கிடக்கும் ரம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். அதைக் காற்றின் பங்கு என்று சொல்லிவிட்டு அங்கே எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கிடங்குக்காரர் குச்சியை விட்டு அளந்தார், குச்சியின் மேல் சந்தேகப்பட்டார், வேறு குச்சி செய்து அளந்தார். அதுவும் அதையேதான் சொன்னது. அந்த வருடம் பாட்டில் விலையில் மாற்றமில்லை, மழை சுமார், பதினேழாம் பீப்பாய் நாலு விரற்கடை ஏறியிருந்தது.

அங்கே வடித்தது சீமான்கள் குடிக்கிற சரக்கு அல்ல. கன்னங்கரேலென்று, வீரியம் அதிகமான, விலை குறைந்த ரம். மூட்டை தூக்குகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் குவார்ட்டராக வாங்கிப் போவார்கள். அதற்காக ஏனோதானோவென்று எதையும் ஊற்றி அனுப்பிவிட முடியாது. ருசி பார்ப்பதையே வேலையாகக் கொண்ட நாக்குக்காரர் சரி என்று சொன்ன பீப்பாய்தான் பாட்டிலுக்குப் போகும். அவர் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார், வாயைச் சற்றே திறந்தபடி முகர்வார், பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, மரத்தூள் வாளியில் துப்பிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு சொட்டு விழுங்கியதில்லை. விழுங்கினால் தீர்ப்பு கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. “விலை கம்மியான சரக்குலதான் பொய் சொல்லக் கூடாது. வாங்குறவன்கிட்ட அந்த ஒரு சாயங்காலம்தான் இருக்கு” என்பார்.

பதினேழில் அவருக்கு முதலில் கருகின சர்க்கரை வந்தது, பிறகு புகையிலை, எல்லாவற்றுக்கும் அடியில் ஈர மரம். ஈர மரம் எந்தப் பீப்பாயிலும் இருப்பதுதான் என்று அதை அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் துப்பிய பிறகும் நாக்கில் கிராம்பு நின்றது. அந்தத் தொழிற்சாலையில் கிராம்பு யாரும் போடுவதில்லை. கிராம்பு இருந்தது அவர் வீட்டில், அவர் மனைவியின் கடைவாயில். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பல்வலி அவளோடு இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள், “வலி போயிடுச்சுங்க, இருந்த இடமே தெரியலை” என்றாள். நல்லதாகப் போயிற்று என்று சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த முறை பதினேழில் ஒரு காரம் இருந்தது. நாக்கில் எரிய வேண்டியது, காது மடலில் சுட்டது. அந்தச் சூட்டை அவர் காதுகள் நன்றாக அறியும். அவளுக்கு வெண்கலத் தொண்டை. அவள் அவரைத் திட்டினால் தெருக்கோடியில் இருப்பவர்கள் தங்கள் தப்பையும் நினைத்துக்கொள்வார்கள். அந்த மாதத்திலிருந்து அவள் திட்டவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், பேசாமல் எடுத்து உலர்த்தினாள். அவருக்கு முதலில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, ஆம்பளை புத்தி. பிறகு ஒரு நாள் அவள் கட்டிலில் உட்கார்ந்தபோது கட்டில் கிறீச்சிடவில்லை. கழுவிவிட்ட தரையில் அவள் நடந்து போனாள். ஈரத்தில் கால்தடம் விழவில்லை. வழியில் படுத்திருந்த பூனை அவளுக்காக நகரவும் இல்லை. அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்டால் அவளும் பயந்துவிடுவாளே என்று பயந்தார்.

அவர்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவரும் கிடங்குச் சுவரும் ஒன்றேதான். இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் பதினேழாம் பீப்பாய். கிடங்குக்காரரிடம் சொன்னபோது அவர் குச்சியைத் துடைத்துக்கொண்டே, “இத்தனை வருஷமா காத்துக்குப் போனதையெல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்கதானே மூச்சுல இழுத்தீங்க? இது திருப்பி இழுக்குது போல” என்றார். வீட்டை மாற்றலாமா என்று கேட்டதற்கு, “நீங்க வீடு மாறினாலும், பீப்பாய்க்குள்ள போனது இங்கதானே கிடக்கும்” என்றார். சொன்னவர் போய்விட்டார், கேட்டவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பீப்பாய் வாய்வரை ஏறி அடைப்பான் ஓரம் கசியத் தொடங்கியதும் மேனேஜர் வந்தார். தானே ஒரு மிடறு குடித்துப் பார்த்து அசந்துபோனார். “இந்த விலைக்கு இப்படி ஒரு ரம்மா! சார், சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்க, பாட்டில்ல ஏத்திடலாம்.” நாக்குக்காரர் கிளாஸைக் கையில் எடுத்தார். சரி என்று சொன்னால் அவள் ஆயிரக்கணக்கான குவார்ட்டர்களில் ஏறி லாரியில் போய்விடுவாள். சரியில்லை என்று சொன்னால் சாக்கடை. இதற்கு நடுவில் ஒரு சொல் அவர் தொழிலில் கிடையாது. ஒரு வாய் எடுத்தார். கருகின சர்க்கரை, புகையிலை, கிராம்பு, காது சுடும் காரம், ஈர மரம். அதற்குமேல் இன்றைக்குப் புதிதாக அவள் சிரிப்பு, முழுசாக, மூச்சு வாங்க நடுவில் ஒரு நிறுத்தத்தோடு. அப்படியானால் இப்போது வீட்டில் என்ன மிச்சம்? அவர் துப்ப மறந்தார். மேனேஜருக்குக் கையால் பொறுங்கள் என்று மட்டும் காட்டிவிட்டு, வாய் நிறைய ரம்மோடு ஓடினார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்கிறார் போல என்று மேனேஜர் எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொண்டதுதான் அவளைக் காப்பாற்றியது.

வீட்டில் அவள் ஜன்னலோரம் இருந்தாள், வெயில் அவள் வழியாக வந்து தரையில் விழுந்துகொண்டிருந்தது. பேச வாயைத் திறக்க வேண்டுமே, வாளி இல்லையே என்று பதறிப்போய் அவர் கையில் அகப்பட்ட டம்ளரில் துப்பினார். அவள் எழுந்து வந்து, தன் சாமானை எடுப்பதுபோல டம்ளரை எடுத்து, முழுவதையும் குடித்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். “வாயில இருந்து துப்புறதைக் குடிக்கிற டம்ளர்லயா துப்புவாங்க? அறிவிருக்கா?” என்று கத்தினாள். பூனை எழுந்து ஓடியது. அவர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

அன்றிலிருந்து தினமும் ஒரு வாய். தொழிற்சாலை வாசலில் காவலாளி ஒவ்வொருவரையும் நிறுத்தி, பையைத் தடவி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார். ஆனால் வாயைத் திறந்து காட்டு என்று யாரையும் கேட்டதில்லை. எரிகிற ரம்மை அடக்கிக்கொண்டு, தும்மல் வந்துவிடக் கூடாதே என்று நடுங்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டுவார். தெருவில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டார். தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள், பிறகு கூப்பிடுவதையே விட்டார்கள். காவலாளியும் முதலில் தடவிப் பார்த்தார், அப்புறம் போ என்று கையை ஆட்டினார், அப்புறம் தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. நம் நல்ல காலம் என்று நாக்குக்காரர் நினைத்துக்கொண்டார். மேனேஜர் எப்போது கேட்டாலும் “பக்குவம் ஆகலை சார்” என்பார். அவர் தொழிலில் சொன்ன ஒரே பொய் அது. வருடங்கள் போயின. அவள் கால்தடம் திரும்பியது, கட்டில் கிறீச்சிட்டது, கடைசியில் பல்வலியும் வந்து சேர்ந்தது. பீப்பாயில் ரம் இறங்கி அடிமட்டத்துக்கு வந்தது.

அப்போது ஒரு சாயங்காலம் அவள் டம்ளரை வாயில் வைத்தவள், விழுங்காமல் நாக்கில் உருட்டினாள். இத்தனை காலத்தில் அவளும் ருசி பார்க்கக் கற்றிருந்தாள். திருப்பி டம்ளரில் துப்பினாள்.

“இது நான் இல்லைங்க.”

“உளறாதே. வெறும் ஈர மரம்தான். எல்லாப் பீப்பாயிலும் இருக்கும்.”

“எல்லாத்துலயும் இருக்கும். நீங்க எல்லாத்தையும் மோந்து பார்க்கிறவர்தானே” என்றாள். “மழையில நனைஞ்ச கதவு மாதிரி. கல்யாணமான அன்னிக்கு உங்க பக்கத்துல உட்கார்ந்தப்ப இதே வாசனைதான். உங்க நாக்குக்கு உங்களை எப்படித் தெரியும்?”

அவர் எழுந்து கண்ணாடி முன்னால் போனார். பின்னாலிருந்த சுவரில் மாட்டியிருந்த சட்டை தெளிவாகத் தெரிந்தது. சட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அவர் நின்றிருக்க வேண்டும். தெருவில் யாரும் கூப்பிடாததும், காவலாளி தலை தூக்காததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவள் டம்ளரை நீட்டினாள். விழுங்கினால் தீர்ப்பு கெட்டுவிடும் என்றார். “கெடட்டும். முழுங்குங்க. நான் இங்க தனியா யாரைத் திட்டுறது?” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக விழுங்கினார். முரட்டு ரம்தான். விலைக்குப் பரவாயில்லை.

மறுநாள் வழக்கம்போல ஒரு வாய் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது காவலாளி தலையைத் தூக்கி, கையை நீட்டித் தடுத்தார். பையைத் தடவினார், டப்பாவைத் திறந்து பார்த்தார், பிறகு முகத்தை உற்றுப் பார்த்தார்.

“என்ன சார், ரொம்ப வருஷமா ஆளையே காணோம்?”

நாக்குக்காரர் வாயில் இருந்ததை விழுங்கினார்.

“இங்கதான் இருந்தேன்” என்றார்.

காவலாளி சரி என்று சொல்லி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.