ஆறாம் அத்தியாயத்துக்காரி

மிசிசிப்பி டெல்டாவில் கெளுத்தி மீன் ஆலையை நம்பிப் பிழைக்கிற ஊர் ஹார்ல்டன். அந்த ஊரைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. கட்டுக்கதை இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்லும் வரலாற்றுப் புத்தகம். நூலகத்தில் புது வரவு அலமாரியில் அட்டை தெரிய நிறுத்தி வைத்தார்கள். ஊரே அடித்துப் பிடித்து வாங்கிப் படித்தது. படித்தது என்பதைவிடத் துப்புத் துலக்கியது என்று சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில், 'சிலருடைய நலன் கருதிப் பெயர்களும் அடையாளங்களும் மாற்றப்பட்டுள்ளன' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்களே, அது போதாதா? முடிவெட்டும் கடையில் ஒரு தீர்ப்பு, சர்ச் வாசலில் ஒரு தீர்ப்பு.

ஆறாம் அத்தியாயத்தில் டெல்மா என்று ஒருத்தி வருகிறாள். ஆலையில் பெண்கள் கையைத் தூக்கிக் கேட்டாலும் கழிப்பறைக்கு விடாமல் கதவைப் பூட்டி வைத்திருந்த காலம். ஒரு நாள் அவள் மீன் அறுக்கும் கத்தியை மேசையில் வைத்துவிட்டு வேலை வரிசையை விட்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் நடந்தார்கள். ஆலை நின்றது, பூட்டும் ஒழிந்தது. அதே அத்தியாயத்தில் லொரெட்டா என்று இன்னொருத்தி. யார் தூண்டிவிட்டது என்று மேஸ்திரியிடம் போட்டுக் கொடுத்தவள்.

உண்மையில் கத்தியை வைத்துவிட்டு நடந்தவள் வெர்லீன் டப்ஸ். ஆனால் எழுதிய பேராசிரியை பெய்ஜ், ஆள் தெரியக்கூடாது என்று, குள்ளச்சியான வெர்லீனை நெட்டச்சியாகவும், பாட்டு வாடையே இல்லாதவளைச் சர்ச்சில் முன்னின்று பாடுகிறவளாகவும் ஆக்கிவிட்டாள். ஹார்ல்டன் ஆலைக்காரிகளில் நெட்டையும் பாட்டும் சேர்ந்தவள் அர்ஜூலா பெட்டிஸ் ஒருத்திதான். ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அவளும் இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தலைக்குப் புதுத் தொப்பி ஒன்று வாங்கினாள்.

வெர்லீனுக்கு மிஞ்சியது லொரெட்டாவின் பழி. புத்தகத்துக்கு விவரம் கேட்டுக் கோடை முழுக்க பெய்ஜின் கார் அவள் வீட்டு வாசலில்தானே நின்றது?

"வெளியாளுகிட்டயே இவ்வளவு பேசுறவ, மேஸ்திரிகிட்ட பேசாமலா இருந்திருப்பா?" என்றார்கள்.

அன்று கூட நடந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் பிள்ளைகளோடு சிகாகோ பக்கம். சாட்சி சொல்ல ஆளில்லை. ஆலைச் சாப்பாட்டு அறையில் வெர்லீன் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகும். பெய்ஜுக்குப் போன் போட்டு, என் பெயரைப் போடு என்று கேட்டாள். நீங்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள், பதிப்பகத்து வக்கீல் சம்மதிக்கமாட்டார் என்று பதில் வந்தது.

அப்புறம் பெய்ஜே நூலகத்துக்கு வந்து புத்தகத்திலிருந்து வாசிக்கும் நாள் வந்தது. முன்வரிசையில் தொப்பியோடு அர்ஜூலா. கடைசி வரிசையில் ஆலை மேலாளர் ஹார்பெக், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. பெய்ஜ் ஆறாம் அத்தியாயத்தை எடுத்தாள். 'டெல்மா கத்தியை வைத்தாள்' என்றதும் எல்லாருடைய கண்ணும் தொப்பியின் மேல் போயிற்று.

வெர்லீன் எழுந்தாள்.

"மிஸ் பெய்ஜ், அந்தப் பேரை மட்டும் திருத்திப் படிங்க."

"மிஸ் வெர்லீன், நாமதான் பேசினோமே... உங்க பாதுகாப்புக்காகத்தான்..."

"பாதுகாப்பு நான் கேட்டேனா? எங்க வீட்டு டீயக் குடிச்சுக்கிட்டே எல்லாம் எழுதிக்கிட்டீங்க. என் பேரப் போடுன்னு சொன்னது மட்டும் காதுல விழலையா? நான் என்ன முகமூடி போட்டுக்கிட்டா நடந்தேன் அன்னிக்கி?"

"லொரெட்டாவுக்கு வந்த ரோஷத்தப் பாரு!" என்று யாரோ சொல்ல, சிரிப்பு கிளம்பியது.

"சிஸ்டர் அர்ஜூலா, நீ சொல்லேன்!" என்றது கூட்டத்தில் இன்னொரு குரல்.

அர்ஜூலா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் அன்னிக்கி வேலைக்கே வரல. கடவாய்ப் பல்லுப் பிடுங்கப் போயிருந்தேன்."

"அடிப் பாவி! அப்ப இத்தனை நாளா ஏன் வாயத் திறக்கல?" என்று அதே குரல் கத்தியது.

"நீங்கதான் வந்து கையப் புடிச்சீங்க, கேக்கு கொண்டாந்தீங்க. நீதானான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"கேக்கு நல்லாருந்துச்சாடி?" என்றாள் வெர்லீன்.

"லெமன் கேக்கு. உனக்கு ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கேன்."

"நீயே தின்னு. பல்லுதான் போயிருச்சே, மெதுவாத் தின்னு."

அறையே குலுங்கிச் சிரித்தது. ஆனால் வெர்லீனுக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. வாய்ச்சொல் காற்றோடு போகும், அச்சு நிற்கும். பெய்ஜ் கையெழுத்துப் போட உட்கார்ந்ததும், பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இவளும் உட்கார்ந்தாள். வந்த புத்தகத்தையெல்லாம் ஆறாம் அத்தியாயத்தில் விரித்து, டெல்மாவை அடித்துவிட்டு மேலே 'வெர்லீன் டப்ஸ்' என்று எழுதினாள்.

நூலகர் ப்ரூயிட் பதறி ஓடிவந்தார். "நூலகப் புத்தகத்துல மட்டும் கிறுக்காதீங்க, மிஸ் வெர்லீன்!"

"பொய்ப் பேரு அச்சுல வந்தா அலமாரில வப்பீங்க, மெய்ப்பேரு எழுதினா கிறுக்கலா?"

பெய்ஜ், "வக்கீல் என்னைக் கொல்லப் போறாரு" என்று முணுமுணுத்துவிட்டு, தான் வாசித்த பிரதியையும் வெர்லீன் பக்கம் தள்ளினாள்.

அப்போது வரிசையில் ஹார்பெக்கின் முறை வந்தது. அவர் புன்சிரிப்போடு புத்தகத்தை நீட்டினார்.

"எனக்கும் எழுதித் தருவீங்களா?"

ஆலைக்கு எதிராக அத்தனையும் சொன்னது நான்தான் என்று அவளே கைப்பட எழுதிக் கொடுத்தால், அவர் அதைக் கொண்டுபோய் என்ன செய்வார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பெய்ஜ் மேசைக்கடியில் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

வெர்லீன் கையை விடுவித்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். மற்றவர்களுக்கு ஒரே இடத்தில் எழுதியவள், இவருக்கு அத்தியாயம் முழுக்கப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். டெல்மா வந்த இடத்திலெல்லாம் அடித்து, தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். வரிசை நின்றது. ஹார்பெக் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார், கடிகாரத்தைப் பார்த்தார், கனைத்தார்.

"இன்னும் நேரமாகுமா?"

"நிக்க முடியலையோ?" வெர்லீன் தலையை நிமிர்த்தவில்லை. "போகணும்னா கையத் தூக்கிக் கேளுங்க. விடலாமா வேண்டாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்."

பின்னால் யாரோ மேசையைத் தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.